டெஸ்ட்நெட் நோடு நின்றுவிட்டதா? அழிப்பதற்கு முன் அறிகுறியைப் பாருங்கள்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் எத்தீரியம் பிளாக்செயினின் டெஸ்ட்நெட் (உண்மைப் பணம் புழங்காத சோதனை நெட்வொர்க்) நோடு, அதாவது அதில் இணைந்து ஓடும் கணினி, ஓட்டுகிறவர்கள் இப்போது கொஞ்சம் கூடியிருக்கிறார்கள். பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் புரோகிராமர்கள். உதவி கேட்டு வரும்போது அவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஒரு காரியத்தைச் செய்து முடித்திருப்பார்கள்: டேட்டா ஃபோல்டரை மொத்தமாக அழித்துவிட்டு முதலிலிருந்து சிங்க் (சங்கிலித் தரவை மறுபடி இறக்குவது) போட்டிருப்பார்கள். பழுது அப்படியே இருக்கும். கூடவே சில நாள் வேலையும், மாத டேட்டா வரம்பில் ஒரு பெரிய துண்டும் போயிருக்கும். பல ஃபைபர் திட்டங்களில் அந்த வரம்பு 3,300 ஜிபி. திரும்பத் திரும்ப அழித்துப் போட்டால் மாதக் கடைசியில் வீட்டில் யாருக்கும் வீடியோகூட ஓடாது.

ஆகவே இந்த வழிமுறையை அறிகுறிவாரியாக எழுதுகிறேன். உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். உபுண்டு இயங்குதளம், கெத், லைட்ஹவுஸ் என்ற இரண்டு கிளையன்ட் புரோகிராம்கள், ஹூடி டெஸ்ட்நெட் என்ற கூட்டணியை வைத்தே பேசுகிறேன். நெதர்மைண்ட், பெசு, பிரிசம், டேக்கு, நிம்பஸ் போன்ற வேறு கிளையன்ட் வைத்திருப்பவர்களுக்கும் காரணங்கள் இவைதான். லாக் (புரோகிராம் எழுதும் நடப்புக் குறிப்பு) வரிகளின் வாசகமும் சில போர்ட் எண்களும் மட்டும் மாறும்.

தொடுவதற்கு முன்: எதை அழிக்கலாம், எதை அழிக்கக் கூடாது

2022 செப்டம்பர் 15 அன்று மெர்ஜ் (மைனிங்கை விட்டு வேலிடேட்டர் முறைக்கு எத்தீரியம் மாறியது) நடந்ததிலிருந்து, உண்மைப் பணம் புழங்கும் மெயின்நெட்டில் ஒரு நோடு என்பது இரண்டு புரோகிராம்கள். பரிவர்த்தனைகளை இயக்கிப் பார்ப்பது எக்ஸிகியூஷன் கிளையன்ட்; இங்கே கெத். எந்த பிளாக் சரியான தலை (சங்கிலியின் கடைசி பிளாக்) என்று சொல்வது கன்சென்சஸ் கிளையன்ட்; இங்கே லைட்ஹவுஸ். இன்றைய டெஸ்ட்நெட்களிலும் அதே ஏற்பாடுதான். இரண்டுக்கும் தனித்தனி டேட்டாபேஸ். இந்த வித்தியாசம் தெரியாததால்தான் அநாவசியமாக அழிப்பது நடக்கிறது.

கன்சென்சஸ் பக்கத்து டேட்டாபேஸை அழிப்பதில் பெரிய நஷ்டம் இல்லை. செக்பாயின்ட் சிங்க் (நம்பகமான நோடிடம் அண்மைய நிலையை வாங்கி அங்கிருந்து தொடங்குவது) கொடுத்தால் சில நிமிடங்களில் மறுபடி தலைக்கு வந்துவிடும். எக்ஸிகியூஷன் பக்கத்து டேட்டாபேஸ் அப்படியில்லை. அதை மீட்க மணிக்கணக்கோ நாள்கணக்கோ ஆகும். அதை அழிப்பது கடைசி மருந்து. மூன்றாவதாக, வேலிடேட்டர் (பணயம் வைத்து பிளாக்குகளுக்கு வாக்களிப்பது) வைத்திருந்தால், அதன் ஸ்லாஷிங் (அபராதம்) பாதுகாப்பு டேட்டாபேஸ் என்று ஒரு சின்ன ஃபைல் இருக்கும். அதை எந்தக் காரணத்துக்காகவும் அழிக்காதீர்கள். ஒரே சாவியால் ஒரே வேளைக்கு முரணான இரண்டு வாக்குகள் போகாமல் தடுப்பது அதுதான். டெஸ்ட்நெட்டில் போகும் காசுக்கு மதிப்பில்லைதான். ஆனால் இங்கே பழகும் கை நாளைக்கு மெயின்நெட்டிலும் அதையேதான் செய்யும்.

இன்னொன்று: எந்த அறிகுறியானாலும் இரண்டு லாக்கையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வையுங்கள். ஒன்றில் தெரியும் புகாருக்கு விடை பெரும்பாலும் மற்றொன்றில் இருக்கும்.

"பீக்கன் கிளையன்ட் எதுவும் தென்படவில்லை" என்று கெத் புலம்புகிறது

மெர்ஜுக்குப் பிந்தைய நெட்வொர்க், ஆனால் பீக்கன் கிளையன்ட்டை (கன்சென்சஸ் கிளையன்ட்டின் மறுபெயர்) காணோம், ஒன்றைத் தொடங்கு என்ற பொருளில் ஒரு வரி திரும்பத் திரும்ப வரும். கெத் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது அல்லது லைட்ஹவுஸால் அதோடு பேச முடியவில்லை என்று அர்த்தம். இருவரும் பேசிக்கொள்வது 8551 போர்ட்டில். அந்தக் கதவுக்கு ஒரு ரகசியச் சாவி உண்டு: ஜேடபிள்யூடி ரகசியம், 32 பைட், ஃபைலில் 64 ஹெக்ஸ் எழுத்துகளாக இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே ஃபைலைக் காட்ட வேண்டும்.

லைட்ஹவுஸ் லாக்கில் 401 என்ற எண் தென்பட்டால் சாவி பொருந்தவில்லை. நீங்கள் ஃபைலைக் குறிப்பிடாவிட்டால் கெத் தானாக ஒன்றைத் தன் டேட்டா ஃபோல்டருக்குள் உருவாக்கிக்கொள்ளும்; நீங்கள் வேறு இடத்தில் செய்துவைத்த சாவியை லைட்ஹவுஸ் படித்துக்கொண்டிருக்கும். முதலில் இதைப் பாருங்கள். அடுத்து அனுமதி: இரண்டு புரோகிராமும் வெவ்வேறு பயனர் பெயரில் ஓடினால் இருவராலும் அந்த ஃபைலைப் படிக்க முடிகிறதா?

டாக்கரில் (புரோகிராம்களைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் மென்பொருள்) ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் ஒரு தனிக் கண்ணி இருக்கிறது. நீங்கள் மவுன்ட் செய்யச் சொன்ன பாதையில் ஃபைல் இல்லையென்றால், டாக்கர் அதே பெயரில் ஒரு ஃபோல்டரை உருவாக்கிவிடலாம். பட்டியலிட்டுப் பார்த்தால் பெயர் சரியாகத்தான் இருக்கும், எல்லாம் ஒழுங்காகத் தோன்றும். உள்ளே சாவிதான் இருக்காது. நீளப் பட்டியல் போட்டு, வரியின் முதல் எழுத்து ஃபைலைக் குறிக்கிறதா, ஃபோல்டரைக் குறிக்கிறதா என்று கவனியுங்கள்.

இரண்டு கிளையன்ட்டையும் இரண்டு கணினியில் வைத்திருந்தால் கடிகாரத்தையும் பாருங்கள். அந்தச் சாவியோடு அனுப்பப்படும் நேர முத்திரை 60 விநாடிக்கு மேல் விலகினால் கெத் ஏற்காது.

இதே குடும்பத்தில் இன்னொரு வரி வரும்: பீக்கன் கிளையன்ட் இருக்கிறது, ஆனால் அதனிடமிருந்து இதுவரை தகவல் வரவில்லை என்று. அது பழுது இல்லை. லைட்ஹவுஸ் இன்னும் தலையைப் பிடிக்கவில்லை, அவ்வளவே. காத்திருங்கள். அதேபோல, தலை ஆப்டிமிஸ்டிக் (கெத் இன்னும் சரிபார்க்காத) நிலையில் இருக்கிறது என்று லைட்ஹவுஸ் எச்சரித்தால், கெத் சிங்க் முடிக்கும்வரை அப்படித்தான் சொல்லும். பலர் பயந்துபோய் அழிக்கத் தொடங்குவது இந்த வரியைப் பார்த்துத்தான்.

பியர் எண்ணிக்கை பூஜ்யத்தில் நிற்கிறது

பியர் என்பது உங்கள் நோடோடு இணைந்திருக்கும் மற்ற நோடு. அதிகம் வரும் கேள்வி இது. அரியாங்குப்பத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தார்.

"அண்ணா, நைட்லேர்ந்து பியர் ஜீரோவே நிக்குது. ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங் எல்லாம் போட்டுட்டேன். திருப்பியும் அழிச்சுப் போட்டுடவா?"

"இருப்பா, எதையும் அழிக்காத. மொதல்ல கணினியில தேதி என்ன காட்டுதுன்னு பாத்துச் சொல்லு."

"தேதியா? ஐயோ, ஏதோ பழைய வருஷம் காட்டுதுண்ணா!"

பழைய டெஸ்க்டாப். மதர்போர்டில் இருக்கும் நாணய பேட்டரி செத்திருந்தது. கரண்ட் போய் வந்ததும் தேதி எங்கோ பின்னால் போய்விட்டது. வழக்கமாக இணையம் கிடைத்ததும் நேரம் தானாகச் சரியாகும். அவர் கணினியில் நேர ஒத்திசைவே அணைந்திருந்தது.

கடிகாரத்துக்கும் பியருக்கும் என்ன சம்பந்தம்? ஒரு நோடு மற்ற நோடுகளைத் தேடி அனுப்பும் ஒவ்வொரு சின்னப் பொட்டலத்திலும் அது எப்போது காலாவதியாகும் என்ற நேரம் எழுதியிருக்கும். கெத்தில் அந்த ஆயுள் 20 விநாடி. உங்கள் கடிகாரம் அதைத் தாண்டிப் பின்தங்கியிருந்தால், நீங்கள் அனுப்புவது எல்லாம் போய்ச் சேரும்போதே காலாவதி. எதிர்முனை சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிடும். உங்களுக்குப் பதிலும் வராது, பிழையும் வராது. விலகல் 10 விநாடிக்கு மேல் என்றால் கெத்தே லாக்கில் எச்சரிக்கும். ஆனால் அந்த ஒரு வரி வேகமாக மேலே ஓடிவிடும். கன்சென்சஸ் பக்கம் இன்னும் கறார்: 12 விநாடிக்கு ஒரு ஸ்லாட் (ஒரு பிளாக்குக்கான நேரம்) என்று நகரும் இடத்தில் அரை விநாடி விலகலே அதிகம்.

டைம்டேட்சிடிஎல் கட்டளை கொடுத்து, ஒத்திசைவு நடக்கிறது என்று காட்டுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் குரோனி என்ற நேர ஒத்திசைவு மென்பொருளை நிறுவுங்கள். நேர மண்டலம் இந்திய நேரமா, யுடிசியா என்பது பிரச்சினையே இல்லை. உள்ளே ஓடும் கணக்கு ஒன்றுதான். அந்த நாணய பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். சிஆர் 2032 என்று கேட்டால் எந்த வாட்ச் கடையிலும் தருவார்கள்.

கடிகாரம் சரி, இன்னும் பூஜ்யம்தான் என்றால், ஐந்து நிமிட சோதனை ஒன்று: மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். பியர் வரத் தொடங்கினால் உங்கள் நோடில் குறை இல்லை, நீங்கள் இருக்கும் நெட்வொர்க் யுடிபி வகைப் பொட்டலங்களைத் தடுக்கிறது. விடுதி வைஃபை, அலுவலக வைஃபை இரண்டிலும் இது சகஜம். பார்த்ததும் ஹாட்ஸ்பாட்டைத் துண்டித்துவிடுங்கள், ஒருநாள் டேட்டா கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும்.

ஃபயர்வாலில் திறந்திருக்க வேண்டியவை: கெத்துக்கு 30303, டிசிபி, யுடிபி இரண்டும். லைட்ஹவுஸுக்கு 9000 இரண்டும், குயிக் நெறிமுறைக்கு 9001 யுடிபி. டிசிபியை மட்டும் திறந்துவிட்டு யுடிபியை விட்டுவிடுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஆளைத் தேடிக் கண்டுபிடிப்பது யுடிபி வழியாக. அது இல்லாமல் டிசிபி திறந்திருந்து பிரயோஜனமில்லை.

போர்ட் ஃபார்வர்டிங் பற்றி. ரவுட்டர் பக்கத்தில் WAN முகவரியை (இணையப் பக்கத்து ஐபி) பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்கின்றன. ரவுட்டரில் என்ன ஃபார்வர்டிங் போட்டாலும் வெளியிலிருந்து யாராலும் உள்ளே வர முடியாது. கவலைப்பட வேண்டாம். உங்கள் நோடு வெளியே போய்ப் பிடிக்கும் பியர்களே டெஸ்ட்நெட்டுக்குப் போதும். எண்ணிக்கை குறைவாக இருக்கும், பூஜ்யமாக இருக்காது. பூஜ்யத்துக்கு சிஜிநாட்டைக் காரணம் சொல்லி ஸ்டாட்டிக் ஐபிக்குப் பணம் கட்டாதீர்கள்.

எந்த வழிகாட்டியைப் பார்த்துப் போட்டாலும் ஓடமாட்டேன் என்கிறது

வழிகாட்டியில் எந்த நெட்வொர்க் பெயர் இருக்கிறது? கோர்லி என்றால் மூடிவிடுங்கள். அது 2024இலேயே முடிந்த கதை. ஹோலஸ்கியும் ஓய்வு பெற்றுவிட்டது. இப்போது வேலிடேட்டர் பழக வேண்டுமென்றால் 2025 மார்ச்சில் தொடங்கிய ஹூடி, செயின் எண் 560048. ஸ்மார்ட் ஒப்பந்தம் (பிளாக்செயினில் ஓடும் நிரல்) எழுதிச் சோதிக்க வேண்டுமென்றால் செபோலியா, 11155111. இரண்டு கிளையன்ட்டிலும் ஒரே நெட்வொர்க் கொடுத்திருக்கிறீர்களா என்று ஒருமுறை பாருங்கள்.

சிங்க் ஓடுகிறது, முடியமாட்டேன் என்கிறது

ஸ்டேட் ஹீலிங் (ஸ்டேட், அதாவது எல்லாக் கணக்குகளின் நடப்பு நிலை, அதில் விடுபட்டதை நிரப்புவது) என்ற கட்டத்தில் நாள்கணக்கில் சுற்றினால் டிஸ்க்தான். இதில் சமாதானமே கிடையாது. சுழலும் ஹார்டு டிஸ்க்கிலும், யுஎஸ்பியில் செருகிய வெளி டிரைவிலும் இது கரை சேராது. காரணம் இது: நீங்கள் பழைய ஸ்டேட்டைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே 12 விநாடிக்கு ஒருமுறை புதிய பிளாக் வந்து ஸ்டேட் மாறிக்கொண்டே இருக்கிறது. சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை எழுதும் வேகம், மாறும் வேகத்தைவிடக் கூடுதலாக இருந்தால்தான் எட்டிப் பிடிக்க முடியும். எஸ்எஸ்டி என்றாலே போதும் என்று நினைக்காதீர்கள். டிராம் இல்லாத, கியூஎல்சி வகை மலிவு எஸ்எஸ்டி முதலில் பறக்கும், கேஷ் நிறைந்ததும் படுத்துவிடும். டிராம் உள்ள டிஎல்சி வகை என்விஎம்இ வாங்குங்கள். ரேமில் மிச்சம் பிடியுங்கள், இதில் பிடிக்காதீர்கள்.

டிஸ்க் நல்லதாக இருந்தும், ராத்திரியில் வேகமாகவும் மத்தியானத்தில் மந்தமாகவும் ஓடினால் அது சூடு. நம் பக்கத்தில் மே மாதம் ஷீட் போட்ட மாடி அறையில், இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பக்கத்தில் மினி பிசியை வைத்திருந்தால் என்ன ஆகும்? என்விஎம்இ தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மதியம் மூன்று மணிக்கு ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை கொடுத்து டிஸ்க்கின் வெப்பநிலையைப் பாருங்கள். 70 டிகிரியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தால் ஒரு ஹீட்சிங்க், கீழ்த்தளம், கொஞ்சம் காற்று. கடலோரத்தில் வீடு இருப்பவர்கள் ஃபேனையும் அவ்வப்போது திறந்து பாருங்கள். உப்புக் காற்றில் தூசி பிசுபிசுப்பாக ஒட்டி, ஃபேன் சுற்றினாலும் காற்று வெளியே போகாமல் இருக்கும்.

ஒரு டெராபைட் டிஸ்க் வாங்கினேன், 100 ஜிபியிலேயே நிறைந்துவிட்டது என்கிறது

டிஸ்க் கடைக்காரர் ஏமாற்றவில்லை. உபுண்டு சர்வர் நிறுவும்போது எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பங்கு பிரிக்கும் முறை) வழியைத் தேர்ந்தெடுத்தால், இன்ஸ்டாலர் இடம் முழுவதையும் ரூட் பகுதிக்குக் கொடுக்காது. ஒரு பங்கை மட்டும் கொடுத்துவிட்டு மிச்சத்தைச் சும்மா ஒதுக்கி வைக்கும். டிஎஃப் கட்டளை கொடுத்தால் தெரியும் அளவும் எல்எஸ்பிஎல்கே கட்டளை காட்டும் முழு அளவும் வெகுவாக வேறுபட்டால் இதுதான். எல்விஎக்ஸ்டெண்ட் கட்டளையில் மிச்சமுள்ள இடம் நூறு விழுக்காட்டையும் சேர்க்கச் சொல்லி, பிறகு ரீசைஸ்2எஃப்எஸ் கொடுங்கள். நோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம், டேட்டாவுக்கு ஒன்றும் ஆகாது.

உண்மையிலேயே நிறைந்திருந்தால், கெத் தானாகவே ஒழுங்காக நின்றுகொள்ளும்; டேட்டாபேஸ் கெடாமல் இருக்க அப்படிச் செய்கிறது. இடத்தை எது தின்றது என்று டியு கட்டளை போட்டுப் பாருங்கள். டாக்கர் என்றால் லாக் ஃபைல்களை முதலில் சந்தேகியுங்கள். டாக்கரின் வழக்கமான லாக் முறைக்கு அளவு வரம்பே கிடையாது, நீங்கள்தான் வைக்க வேண்டும்.

கரண்ட் போய் வந்தது, அதிலிருந்து சரியில்லை

கடலூரில் மாதாந்திரப் பராமரிப்பு என்றால் காலையில் போகும் கரண்ட் சாயங்காலம்தான் வரும். அது முன்கூட்டியே அறிவிக்கப்படும், நாமே நிறுத்திவைக்கலாம். சொல்லாமல் போய் வருவதில்தான் சிக்கல்.

முறையாக நிறுத்தப்படவில்லை என்று கெத் மறுதொடக்கத்தில் சொல்லும். சில பிளாக்குகள், சிலசமயம் மணிக்கணக்கான பிளாக்குகள் பின்னோக்கிப் போய், அங்கிருந்து மீண்டும் முன்னேறும். பழைய எண்ணைப் பார்த்துப் பதறி நிறுத்திவிடாதீர்கள். எண் ஏறிக்கொண்டிருக்கும்வரை அதன்போக்கில் விட்டுவிடுங்கள்.

இன்வெர்ட்டர் வைத்திருந்தும் கணினி ரீஸ்டார்ட் ஆகிறதா? இன்வெர்ட்டரின் பின்பக்கமோ முன்பக்கமோ யுபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். சாதாரண நிலையில் மாறுவதற்கு எடுக்கும் நேரத்தை ஃபேனும் லைட்டும் தாங்கும், கணினி தாங்காது. யுபிஎஸ் நிலைக்கு மாற்றுங்கள். அடுத்து, ஃபைபர் மோடமும் இன்வெர்ட்டர் லைனில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். கணினி உயிரோடு இருந்து மோடம் செத்தால், லாக்கில் பியர் குறைவது மட்டும்தான் தெரியும். நீங்கள் நோடைக் குடைந்துகொண்டிருப்பீர்கள்.

நீங்களாக நிறுத்தும்போதும் கவனம் தேவை. நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்கில் எழுதி முடிக்க கெத்துக்கு அவகாசம் வேண்டும். டாக்கர் வழக்கமாகத் தருவது 10 விநாடி, உபுண்டுவின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி 90 விநாடி. அதற்குள் முடிக்காவிட்டால் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடும். இரண்டிலும் ஐந்து நிமிடமாவது ஆக்கி வையுங்கள்.

புயல் காலத்துக்கு ஒரு வார்த்தை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது நகரில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்த சில நாளில் தென்பெண்ணை பெருகி கடலூரிலும் வெள்ளம். டெஸ்ட்நெட் நோடு சில நாள் நின்றால் உலகம் ஒன்றும் முழுகிவிடாது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்றால் நோடை ஒழுங்காக நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைத் தரையிலிருந்து பரணுக்கு ஏற்றிவிடுங்கள். திரும்பத் தொடங்கும்போது இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால், கன்சென்சஸ் டேட்டாபேஸை மட்டும் அழித்துச் செக்பாயின்ட் சிங்க் கொடுங்கள். பிளாப் தரவை (பிளாக்கோடு வரும் தற்காலிகத் தரவு) பியர்கள் ஏறத்தாழ 18 நாள்தான் வைத்திருப்பார்கள். அதற்கும் பழைய இடத்திலிருந்து எட்டிப் பிடிக்கப் பார்ப்பது வீண். கெத் பக்கத்தைத் தொட வேண்டாம்.

ஒரே பிளாக் எண்ணில் உறைந்து நிற்கிறது, பியரும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்கிறது

நேற்றுவரை நன்றாக ஓடியது என்பதுதான் இங்கே துப்பு. ஹார்டு ஃபோர்க் (நெட்வொர்க் விதிகளையே மாற்றும் மேம்படுத்தல்) ஒன்று நடந்திருக்கிறது, நீங்கள் கிளையன்ட்டைப் புதுப்பிக்கவில்லை. ஃபுசாகா மேம்படுத்தல் 2025 அக்டோபர் 14 அன்று செபோலியாவிலும், 28 அன்று ஹூடியிலும், டிசம்பர் 3 அன்றுதான் மெயின்நெட்டிலும் வந்தது. டெஸ்ட்நெட் எப்போதும் முன்னால் போகும். மெயின்நெட் தேதியை நினைவில் வைத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். இரண்டு கிளையன்ட்டையும் புதுப்பித்து மறுதொடக்கம் செய்யுங்கள். ஒன்றை மட்டும் புதுப்பித்தால் போதாது. பெரும்பாலும் அதுவே தலையைப் பிடித்துக்கொள்ளும்.

புதுப்பித்தும் நகரவில்லையென்றால், உங்கள் நோடைக் கழற்றுவதற்கு முன் பொதுவான பிளாக் எக்ஸ்புளோரர் ஒன்றைத் திறந்து மற்றவர்களுக்கு நகர்கிறதா என்று பாருங்கள். 2025 பிப்ரவரி 24 அன்று ஹோலஸ்கியில் பெக்ட்ரா மேம்படுத்தல் வந்தபோது கெத், நெதர்மைண்ட், பெசு மூன்றிலும் டெபாசிட் ஒப்பந்த முகவரி அமைப்பு தவறாக இருந்தது. பெரும்பான்மை நோடுகள் தப்பான கிளையில் ஏறிவிட்டன. ஃபைனாலிட்டி (பிளாக்குகள் மாற்ற முடியாதபடி உறுதியாவது) மார்ச் 10 அன்றுதான் திரும்பியது. அப்படிப்பட்ட நாளில் வீட்டில் உட்கார்ந்து ஆயிரம் முறை அழித்துப் போட்டாலும் பலன் இருக்காது. இப்படிப்பட்ட பிழை மெயின்நெட்டுக்கு முன்னால் இங்கே வெளிப்படுவதற்காகத்தானே நாம் இதை ஓட்டுகிறோம்? கிளையன்ட் குழுவின் அறிவிப்பு வரும்வரை லாக்கைப் பத்திரப்படுத்திக் காத்திருப்பதே அன்று செய்யத்தக்க வேலை.

லேப்டாப்பிலிருந்து நோடை எட்ட முடியவில்லை

வெளிப் புரோகிராம்கள் கெத்தோடு பேசும் 8545 போர்ட், நோடு ஓடும் கணினிக்குள் மட்டும்தான் கேட்கும், அது பாதுகாப்புக்காக. எல்லா முகவரிக்கும் திற என்று எழுதியிருக்கும் குறிப்புகளைப் பின்பற்றாதீர்கள். லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச் டனல் (மறையாக்கம் செய்த தனி வழி) போட்டுக்கொள்ளுங்கள், அதுவே போதும். டாக்கரில் போர்ட்டை வெளியிட்டால் அது உபுண்டுவின் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலைத் தாண்டிப் போய்விடும். நீங்கள் தடுத்துவைத்ததாக நினைத்துக்கொண்டிருக்கும் கதவு திறந்தே கிடக்கும். 127.0.0.1 என்ற முகவரியை முன்னால் சேர்த்தே வெளியிடுங்கள்.

இதெல்லாம் பார்த்தும் தீரவில்லை

உதவி கேட்கும்போது இவற்றை ஒன்றாக அனுப்புங்கள்: இரண்டு கிளையன்ட்டின் பெயரும் பதிப்பு எண்ணும், நெட்வொர்க், இரண்டு லாக்கிலும் பழுது தொடங்கிய நேரத்தை ஒட்டிய ஐம்பது வரிகள், டிஎஃப் காட்டியது, டைம்டேட்சிடிஎல் காட்டியது. திரையைப் போனில் படம் எடுத்து அனுப்பாதீர்கள், எழுத்தாகவே ஒட்டுங்கள்; தேடிப் பார்க்க முடியும். லாக்கில் உங்கள் பொது ஐபி முகவரி இருந்தால் நீக்கிவிடுங்கள். ஜேடபிள்யூடி ரகசியத்தையும் வேலிடேட்டர் சாவிகளை மீட்கும் 24 சொற்களையும் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். உதவி செய்ய வருகிறவருக்கு அவை தேவையே படாது.